பொடி எழுத்துக்காரர்

"அவசரமே இல்லம்மா. மேலேருந்து மெதுவா படிச்சுட்டு வாங்க" என்று சொல்லி, கெட்டி அட்டை ஒன்றை எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்காரர் தன் முக்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். மற்றக் கடைகளில் பார்வை சோதிப்பவர்கள் வந்தவரின் கண்ணைப் பார்ப்பார்கள். இவர் வாயோரத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு சுளிப்பு, ஒரு மெல்லிய சிரிப்பு, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். வந்தவரோ, மூக்கின் மேல் கனத்துக் கிடக்கும் சோதனைச் சட்டத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, "இதுவரைக்கும் தெரியுது. இதுக்குக் கீழ தெரியல" என்கிறார். கண்ணாடிக்காரரின் முகம் வாடிப்போகிறது. பெட்டியிலிருந்து அடுத்த லென்ஸை எடுத்துச் செருகுகிறார்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி கொடுப்பதற்கு முன் இப்படி ஓர் அட்டையைக் காட்டிப் பார்ப்பது எல்லாக் கண்ணாடிக் கடைகளிலும் உள்ள வழக்கம்தான். மேலே எழுத்து பெரிதாக இருக்கும், கீழே போகப் போகப் பொடியாகிவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. வானம் நீலம், மரத்தில் பறவை என்கிற மட்டில் ஏதோ நாலு வரி. இந்தக் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது. அது ஓரமெல்லாம் நைந்து போய், புதிதாக அச்சடிக்க வேண்டும் என்று முதலாளி சொன்ன அன்று, வாசகத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக நம்மவர் முந்திக்கொண்டு சொன்னார். முதலாளிக்கு விலைப்பட்டியலைத் தவிர வேறெதையும் படிக்கும் வழக்கம் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டார். அப்படித்தான் கண்ணாடிக்காரரின் முதல் சிறுகதை அச்சேறியது.

கதையில் அக்கா தங்கை இரண்டு பேர். ஏதோ ஒரு சண்டையில் பேச்சு நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள் தங்கைக்கு ஃபோன் வருகிறது. "நான் கீழ நிக்கறேன்" என்கிறாள் அக்கா. லிஃப்ட் பழுது. தங்கை ஐந்தாம் மாடியிலிருந்து படியிறங்கத் தொடங்குகிறாள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பழைய ஞாபகம். மாடி குறையக் குறைய எழுத்தும் சிறுக்கிறது. இந்த உத்தி தனக்கே தோன்றியது என்பதில் அவருக்குச் சொல்லி மாளாத பெருமை. ஒரே ஒரு சிக்கலைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டார். அட்டை யாருக்காக இருக்கிறதோ, அவர்களுக்குப் பொடி எழுத்து தெரியாது. ஆகவே தங்கை பெரும்பாலும் மூன்றாம் மாடியிலேயே நின்றுவிடுவாள். சரியான லென்ஸ் அமைந்தால் இரண்டாம் மாடி வரை வருவாள். அதற்குக் கீழே அவளை இறக்கிக்கொண்டு வந்த வாசகர் நெடுநாள் வரை ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கதை மேலும் நகரட்டும் என்பதற்காக யாருக்கும் தேவைக்கு மேல் பவர் ஏற்றிக் கொடுத்தவர் இல்லை அவர். கை துறுதுறுத்த நாட்கள் உண்டு, அவ்வளவுதான்.

கடைக்கு வரும் சிலர் அவரை டாக்டர் என்று கூப்பிடுவதுண்டு. முதல் முறை "டாக்டர் இல்லீங்க" என்று திருத்துவார். இரண்டாம் முறை விட்டுவிடுவார். எழுத்தாளர் என்று யாராவது கூப்பிட்டால் முதல் முறையே விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். அப்படிக் கூப்பிட இதுவரை ஆள் வரவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனதும் அன்றைய விமர்சனங்களை மனைவியிடம் ஒப்பிப்பார். மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்கப் பிறர் சொல்லும் சமாதானங்களைக் கேட்டுக் கேட்டு, எதையும் லேசில் நம்பாத பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. இன்று ஒரு பெரியவர் ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றார், இன்னொரு அம்மா நடுவில் கொஞ்சம் மங்கல் என்றார் என்று கணவர் அடுக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கதையைச் சொன்னாங்களா, கண்ணாடியைச் சொன்னாங்களா?" என்பார் மனைவி. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பூசி மெழுகிவிட்டு, நம்மவர் சட்டையைக் கழற்றப் போய்விடுவார்.

எழுதும் ஆசை அவருக்கு எப்போது தொற்றியது என்று தெரியவில்லை. ஆனால் முறையாகப் பழக வேண்டும் என்ற எண்ணம், தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து வந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே மேசை. மகள் பாடம் படிப்பதும் அதில்தான், மனைவி காய் நறுக்குவதும் அதில்தான், மாமனார் வந்தால் ரேடியோவைப் பிரித்துப் பரப்புவதும் அதில்தான். விடிந்ததும் யாரும் எழுந்திருப்பதற்கு முன் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். முதல் வாரம் அதைத் துடைப்பதிலேயே போயிற்று. கண்ணாடி துடைத்துப் பழகிய கை, ஒரு கறை இருந்தால் விடாது. அடுத்த வாரம் பேனா சரியில்லை என்று கண்டுபிடித்தார். பேனா வந்ததும் நாற்காலி ஆடியது. கண்ணாடிக் கம்பி முறுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நாற்காலிக் காலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தவரைப் பார்த்து மாமனார், மாப்பிள்ளைக்கு எழுத்து வேலை கடுமையாக இருக்கிறது என்று தன் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதாமலும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தினமும் ஒரு பக்கமாவது எழுதிவிடுவார். என்ன, அவர் கதையில் நடமாடும் எல்லோரும் கண்ணாடி போட்டிருப்பார்கள். ஒருவன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான் என்று எழுதிவிட்டுப் போக வேண்டிய இடத்தில், அவனுக்கு எந்தக் கண்ணில் என்ன பவர், சட்டம் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாதிப் பக்கம் ஓடும். கெட்டவர்களுக்கெல்லாம் மூக்கில் சரியாக உட்காராத சட்டம். காதலர்களுக்குக் கண்ணாடி மாறிப் போகும். அவருக்கே தடித்த கண்ணாடிதான். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனைவியா மகளா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். உலகமே தன்னைப் போல் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "கண்ணாடி போடாத ஆளு ஒருத்தர்கூட உங்க கதைல கிடையாதாப்பா?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அடுத்த கதையில் ஒரு கைக்குழந்தையைச் சேர்த்தார்.

இன்னொரு குறையும் உண்டு. அதுதான் பெரிய குறை. அவர் எதையும் முடிப்பதில்லை. தலையும் உடம்புமாகக் கதைகள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஒன்றுக்கும் கால் கிடையாது. நேரமில்லை என்று அவர் சொல்லிக்கொள்வது சும்மா. முடித்துவிட்டால் யாரிடமாவது கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அந்த ஏதாவதை நினைத்தால்தான் அவருக்குப் பயம். முடியாத கதையை யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா? அட்டைக் கதையிலும் அதுதான் நடந்தது. அடியில் கொஞ்சம் இடம் மீதி இருப்பதாக அச்சகத்திலிருந்து கூப்பிட்டபோது, தங்கை கீழே வந்து வாசல் கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்தார். அந்த இடத்து எழுத்து அரிசி நொய்யைவிடச் சிறியது, யார் படித்துக் கிழிக்கப் போகிறார்கள் என்று தைரியம் வந்தது. "லென்ஸை மென்மையான துணியால் துடைக்கவும். கவிழ்த்து வைக்க வேண்டாம்" என்று போட்டுவிடச் சொன்னார்.

பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் நிற்கும் அம்மாளை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள், கண்ணாடி ஒரு பக்கம் ஒடிந்துபோக, மருந்துக்கடையில் இருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடுமையான கிட்டப் பார்வை. நம்மவர் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸைச் செருகி, அட்டையைக் கையில் கொடுத்த நேரத்தில், யாருடைய கண்ணாடியிலோ ஆணி கழன்றுவிட்டது என்று முதலாளி வெளியே கூப்பிட்டார். போய் முறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், சோதனைச் சட்டம் மேசை மேல் கிடக்கிறது. அந்த அம்மாள் வெறுங்கண்ணோடு அட்டையை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். மருந்து அட்டையில் காலாவதித் தேதியை இப்படித்தான் பார்ப்பாராம். அந்த அளவு கிட்டப் பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், மூக்கடியில் வரும் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவார்கள். இத்தனைக்கும் கண்ணாடிக்காரரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். தன் கதைக்கு ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்னங்க இது?" என்றார் அந்த அம்மாள்.

"எந்த வரி தெரியல?"

"எல்லா வரியும் தெரியுது. கதவுல கை வச்சா. அப்புறம் பாத்தா, துணியால துடைக்கணுமாம். எதைத் துடைக்கறது? அவ கதவைத் திறந்தாளா இல்லையா?"

எத்தனையோ நாளாக இந்தக் கேள்விக்குத்தான் கண்ணாடிக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரில் வந்து நின்றதும் எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. இதெல்லாம் லென்ஸ் கம்பெனியிலிருந்து வருவது, தனக்கொன்றும் தெரியாது என்று மென்று விழுங்கினார்.

"அப்ப அவங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டு வைங்க. நான் கண்ணாடி வாங்க வரும்போது சொல்லணும்" என்றார் அந்த அம்மாள். "மருந்து அட்டையில முக்கியமானதெல்லாம் அடியிலதான் இருக்கும், பொடி எழுத்துல. அடிவரைக்கும் படிக்காம நான் எதையும் கீழ வைக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாளின் லென்ஸ் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. சட்டத்தில் பொருத்தி, துடைத்து, உறையில் போட்டும் ஆயிற்று. வராதது முடிவுதான். விடியற்காலை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். ஒரு முடிவில் மழை கொட்டியது, வேறொன்றும் நடக்கவில்லை. இன்னொன்றில் எல்லாம் கனவு என்று ஆனது, அதை எழுதிய கையோடு அவரே கிழித்தார். ஒரு நாள் அக்காவைக் கொன்றேவிட்டார். கடைக்குப் போய் ஒரு வேலையும் ஓடாமல், மறுநாள் வந்து உயிர் கொடுத்தார். இதற்கிடையில் அந்த அம்மாள் ஃபோன் செய்து, கண்ணாடி வந்துவிட்டதா, கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் இரண்டையும் விசாரித்தார். மருந்துக்கடையில் இதை வைத்து இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். திறந்திருப்பாள் என்பது இந்த அம்மாளின் கட்சி. கூட வேலை பார்க்கும் பெண், திறந்திருக்கவே மாட்டாள், மேலே ஏறிப் போயிருப்பாள் என்று அடித்துச் சொல்கிறாளாம். கேட்கக் கேட்கக் கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷத்தில் காது சிவந்தது. வாய் மட்டும், லென்ஸ் இன்னும் வரவில்லை என்று சொன்னது. அடுத்த முறை கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னது.

மனைவி தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் இது இன்னும் எத்தனை நாள் இழுத்திருக்குமோ. அங்கே கூட்டம் தெரு வரை நிற்கிறது. பிளாஸ்திரி சுற்றிய கண்ணாடி ஒரு பக்கம் தொங்க, அந்த அம்மாள் ஒவ்வொரு மாத்திரை அட்டைக்கும் அதைக் கழற்றுவதும், மூக்கருகில் வைத்துப் பார்ப்பதும், மறுபடி மாட்டுவதுமாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் ஆகட்டும் என்று யாரோ அதட்டுகிறார்கள். லென்ஸ் வரவில்லையாம், கண்ணாடிக் கடையில் சொன்னார்கள் என்று அந்த அம்மாள் எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான் கணவர், மருந்துக்கடை அம்மாவின் லென்ஸ் எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது என்று வீட்டில் சிலாகித்திருந்தார்.

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி குரலை உயர்த்தவில்லை.

"உங்க கதை முடியலன்னா அவங்க ஏன் கண்ணு தெரியாம நிக்கணும்? மாத்தி மாத்திரை குடுத்துட்டா யாரு பதில் சொல்றது? கம்பெனிலேருந்து வருதுன்னு வேற சொல்லியிருக்கீங்க. எந்தக் கம்பெனிங்க? தினம் காலையில என் மேசையைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அந்தக் கம்பெனியா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவருக்கும் தவறான பவர் கொடுத்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டவர், சரியான பவரைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன்னை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று, முதல் முறையாகத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் கடை விடுமுறை. மேசை முழுக்க வெங்காயத் தோல் கிடந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. புறங்கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். மனைவி மிச்சக் காயை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மழையும் கனவும் சாவும் இல்லாமல், கீழே நிற்கிறவள் உண்மையில் என்ன சொல்வாள் என்று மட்டும் யோசித்தார். மத்தியானத்துக்குள் முடிவு வந்துவிட்டது. தங்கை கதவைத் திறக்கிறாள். அக்கா ஒரு பையோடு நிற்கிறாள். தங்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இறங்கி வர இவ்வளவு நேரமா?" என்கிறாள். தங்கை பையை வாங்கிக்கொள்கிறாள். அவ்வளவுதான். யாருடைய கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை என்பதை அவரே பிறகுதான் கவனித்தார். தாளை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. "கேட்டவங்களுக்கு மொதல்ல குடுங்க."

அடுத்த நாள் கடை திறந்ததும் மருந்துக்கடைக்கு ஃபோன் செய்து, கண்ணாடி தயாராக இருக்கிறது, வந்து பல நாளாயிற்று, தவறு தன் மேல்தான் என்றார். சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். நம்மவர் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, மூக்கில் சரியாக உட்காரும்வரை விடவில்லை. அந்த அம்மாள் எதிர்ச்சாரிக் கடைகளின் பெயர்ப் பலகைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்றார். பிறகு கையை நீட்டினார். "கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

அவர் அட்டையைக் கொடுத்தார். துணியால் துடைக்கச் சொன்ன வரியின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. மெல்லிய பேனாவால், அதே அளவுப் பொடி எழுத்து.

"கையால எழுதியிருக்கே" என்றார் அந்த அம்மாள்.

"கம்பெனியெல்லாம் இல்லீங்க. நான்தான் எழுதினேன். இது மட்டும் இல்ல, மேலேருந்து எல்லாமே."

அந்த அம்மாள் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, அட்டையை முகத்தருகே கொண்டுபோனார். நேரே அடிக்குப் போவார் என்று அவர் எதிர்பார்த்தார். அந்த அம்மாளோ ஐந்தாம் மாடியிலிருந்து ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் கண்ணாடிக்காரர் முக்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், கழுத்தையும் நீட்டிவிட்டார். மூன்றாம் மாடி தாண்டியது. இரண்டாம் மாடி தாண்டியது. அட்டை மெல்ல மெல்ல மேலே ஏறி, மூக்கு நுனியில் வந்து நின்றது. அந்த அம்மாளின் வாயோரம் அசையத் தொடங்கிய நேரத்தில், நம்மவர் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.